ஜூன் இருபத்தாறின் அடிவரி

"கருவேப்பிலை தீர்ந்துடுத்து. கொசுறா கேளுங்கோ, காசு குடுத்து வாங்காதீங்கோ" என்று சமையலறையிலிருந்து சொன்னேன்.

"கால் கிலோ கத்திரிக்காய் வாங்கிண்டு கொசுறு வேற கேட்டா, கடைக்காரர் என்னை என்னன்னு நெனைப்பார்?"

"கோமளத்தோட ஆத்துக்காரர்னு நெனைப்பார்."

அவர் சிரித்த சத்தம் கேட்டது. பிறகு வாசல் கதவுச் சத்தம். 1994-ஆம் வருஷம், ஜூன் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை.

வடக்கு மாட வீதியில் நடந்ததைக் கடைக்காரர் பிறகு சொன்னார். கத்திரிக்காயை நிறுத்து வாங்கியிருக்கிறார். கருவேப்பிலை கேட்டிருக்கிறார். ஒரு கொத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, கடை ஓரத்தில் கவிழ்த்திருந்த மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. கடையை அப்படியே திறந்து போட்டுவிட்டு, ஆட்டோவில் அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் அந்தக் கடைக்காரர்தான். வைரவன் என்று பெயர். எத்தனையோ வருஷம் அவரிடம் காய் வாங்கியும் அன்றைக்குத்தான் பெயர் தெரிந்துகொண்டேன். கடைசி நேரத்தில் என் கணவர் தெருவில் தனியாகக் கிடக்கவில்லை. இதை நினைக்காமல் நான் ஒரு நாளும் அந்தக் கடையைத் தாண்டியதில்லை.

என் கணவர் சுப்பராமன் தேனாம்பேட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர் எழுதிய வரிகளை மயிலாப்பூரில் எத்தனையோ வீடுகளில் தினமும் காலையில் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

கச்சேரி சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் ஷாஹுல் ஹமீது பாயின் அச்சகம் இருக்கிறது. மளிகைக் கடைக்காரர்களும் பாத்திரக் கடைக்காரர்களும் புது வருஷத்துக்கு வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கிற தினசரி காலண்டர் அங்கே அச்சாகும். அட்டையில் சாமி படமும் கடையின் பெயரும். அதன் கீழே தாள் கட்டு. தாளில் தேதி, கிழமை, திதி, ராகு காலம், எமகண்டம் எல்லாம் வழக்கம் போலத்தான். ஆனால் மற்ற காலண்டர்களில் பொன்மொழி போடுகிற அடிப்பகுதியில், இதில் 'இந்த நாளில்' என்று ஒரு வரி இருக்கும். அதே தேதியில் உலகத்தில் எங்கோ எப்போதோ நடந்த ஒரு சங்கதி. அச்சகத்தில் அதை அடிவரி என்பார்கள். அதை எழுதியவர் என் கணவர்.

அவர் அந்த அச்சகத்துக்கு முதன்முதலாகப் போனதே சண்டை போடத்தான். 1977-இல் நடந்தது அது. எங்கள் வீட்டில் பஞ்சாங்கம் வாங்குகிற வழக்கம் மாமனாரோடு போயிற்று. மளிகைக் கடை காலண்டர்தான் எங்களுக்குப் பஞ்சாங்கம். அதில் ஓர் அமாவாசையை ஒரு நாள் முன்னால் போட்டுவிட்டார்கள். இவரும் அதைப் பார்த்து ஒரு நாள் முன்னால் தர்ப்பணம் செய்துவிட்டார். மறுநாள் பக்கத்து வீட்டில் தர்ப்பைக்கட்டோடு நிற்கிறவரைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"எங்கப்பாவுக்கு ஒரு நாள் முன்னாடியே எள்ளும் ஜலமும் விட்டுட்டேன். இது யார் பண்ணின காரியம்?" என்று அச்சகத்தில் நின்று கேட்டிருக்கிறார்.

ஹமீது பாய் அப்போது இளைஞர். மை படிந்த கையோடு எழுந்து நின்று, "தப்புதான் சார். ஆனா சாப்பாடு ஒரு நாள் முன்னாடி வந்துச்சுன்னு எந்த அப்பாவும் கோவிச்சுக்க மாட்டாரு" என்று சொன்னாராம்.

இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்ட பிறகு எப்படிச் சண்டை போடுவது? "அடுத்த வருஷத்துது எங்கே? காட்டும்" என்று கேட்டு வாங்கி, அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பிழை பார்க்க ஆரம்பித்தார். அந்த ஸ்டூல் பதினேழு வருஷம் அவருக்கே இருந்தது. இரண்டாம் வருஷம் பொன்மொழிகளைப் படித்து அலுத்துப்போய், "இந்த உபதேசத்தையெல்லாம் எடுத்துட்டு ஏதாவது தகவல் போடலாமே பாய்" என்றிருக்கிறார். "நீங்களே எழுதிடுங்க சார்" என்றிருக்கிறார் பாய். அப்படி வந்ததுதான் அடிவரி.

விடுமுறை நாட்களில் நூலகத்துக்குப் போய்க் குறித்துக்கொண்டு வருவார். ஒரு தேதியை இரண்டு புத்தகங்களாவது ஒப்புக்கொண்டால்தான் எழுதுவார். நான் கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியையாக இருந்தேன். நான் அடுப்படியில் இருக்கும்போது, "கோமளம், இங்கே ஒற்று மிகுமா?" என்று கூடத்திலிருந்து கேட்பார். மிகும் என்பேன். "மிகுந்தா வரி ரெண்டாயிடும், இடம் இல்லை" என்பார். பின்னே ஏன் கேட்டீர்கள் என்பேன். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. சாயங்காலங்கள் இப்படித்தான் போயின.

பெயர் போட்டுக்கொள்ளக் கூடாதா என்று ஒரு முறை கேட்டேன்.

"ராகு காலம் எழுதறவன் பேரைப் போட்டிருக்காளா?" என்றார்.

பதிமூன்றாம் நாள் காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து ஹமீது பாய் வீட்டுக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"அம்மா, ஆடிப் பதினெட்டுக்குள்ள மாதிரி காலண்டரைக் கடைங்களுக்குக் காட்டியாகணும். சார் அடுத்த வருஷத்துக்கு முழுசும் எழுதிக் குடுத்துட்டுத்தான் போயிருக்காரு. டைப் பண்ணியாச்சு. பிழை பாக்கத்தான் ஆள் இல்ல. வேற யாருகிட்டயும் குடுக்க எனக்கு மனசு வரல."

"நான் பாக்கறேன்" என்றேன்.

"இன்னொண்ணு. ஜூன் இருபத்தாறுக்கு சார் என்னமோ எழுதியிருக்காரு. அதை எடுத்துட்டு சார் பேரைப் போடணும்னு ஆசைப்படறேன். 'இந்த அடிவரிகளை எழுதிய சுப்பராமன் மறைந்த நாள்'. இல்லாட்டி நீங்களே ஒரு வரி எழுதிக் குடுங்க. எது எழுதினாலும் அப்படியே போட்டுடறேன்."

எனக்கு ஆசையாக இருந்தது. அந்த வீட்டில் அவர் இருந்ததற்கு மிச்சம் ஒரு மூக்குக் கண்ணாடியும் நாலு வேட்டியும்தான். அவர் பெயரைச் சொல்லப் பிள்ளை இல்லை. ஒரே ஒரு நாளாவது, இத்தனை வருஷம் அவர் வரிகள் தொங்கிய சுவர்களிலெல்லாம் அவர் பெயர் தொங்கட்டும் என்று நினைத்தேன். பாய் போன பிறகு உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். மறைந்தார், காலமானார், அமரரானார், இயற்கை எய்தினார். எந்தச் சொல்லும் அவருக்குப் பொருந்தவில்லை. கடைசியில் பாய் சொன்ன வரியையே கொஞ்சம் சுருக்கி எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து அச்சகத்துக்குப் போனேன். முழு வருஷத்துக்கும் தாள்கள் தயாராக இருந்தன. முன்பு ஈய எழுத்து கோத்த இடத்தில் கண்ணாடி அறை கட்டி, ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். அதில் தட்டச்சு செய்கிற பெண் ஜாஸ்மின், நொச்சிக்குப்பத்துக்காரி. அவள் அம்மா தேசம்மா மீன் விற்கிறவள். ஜாஸ்மின் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"சார் எழுத்து இந்த ஆபீஸ்ல எனக்கு மட்டும்தான் மாமி புரியும். டாக்டர் எழுத்து மாதிரியே கீது."

"எனக்கு முப்பது வருஷமாச்சு புரியறதுக்கு" என்றேன்.

படிக்க உட்கார்ந்தேன். பிழை பார்க்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சொல்லில் சந்தேகம் வந்தால், இதே ஏட்டில் வேறு இடத்தில் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து அதையே பின்பற்ற வேண்டும். 'மறைந்த நாள்' எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. அவர் வேறு யாருடைய மரணத்துக்காவது என்ன சொல் போட்டிருக்கிறார் என்று பார்ப்பதற்காக, காந்தி சுடப்பட்ட ஜனவரி முப்பதை எடுத்தேன். மேலே பண்டிகை வரிசையில், அரசாங்கம் சொன்னபடி, தியாகிகள் தினம் இருந்தது. அடிவரியில், 1882-இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் பிறந்தார் என்று இருந்தது.

எனக்குப் புரியவில்லை. ஆகஸ்ட் ஆறை எடுத்தேன். ஹிரோஷிமா இல்லை. பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1881-இல் பிறந்தார் என்று இருந்தது. பிறகு முதல் தாளிலிருந்து வரிசையாகப் புரட்டினேன். அம்மைக்கு முதல் முதலில் ஊசி போட்ட நாள். ராயபுரத்திலிருந்து முதல் ரயில் கிளம்பிய நாள். எவரெஸ்டில் ஏறிய நாள். எக்ஸ்-ரே தெரிந்த நாள். முதல் விமானம் பறந்த நாள். டிசம்பர் கடைசி வரை போய்ப் பார்த்தேன். அந்த வருஷம் முழுவதிலும் ஒருவர்கூடச் சாகவில்லை, என் கணவரைத் தவிர.

"ஜாஸ்மின், இவர் யார் செத்ததையும் எழுதவே மாட்டாரா?"

அவள் திரும்பி உட்கார்ந்தாள். "மாட்டாரு மாமி. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு நாளுக்கு அடிவரி காணாமப் போச்சு. நானே பேப்பரைப் பாத்து ஒரு தலைவர் செத்த நாளைப் போட்டுட்டேன். சார் வந்து பாத்தாரு."

"திட்டினாரா?"

"திட்டல." ஜாஸ்மின் தொண்டையைச் செருமிக்கொண்டு, மூக்கின் நுனிக்கு இல்லாத கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டாள். "'ஏம்மா, இந்தத் தேதியில யாராத்துலயாவது ஒரு கொழந்தை பொறக்கும். அவா இந்தத் தாளைப் பத்திரமா எடுத்து வெச்சுப்பா. அதுல நாம எதுக்கு ஒரு பொணத்தைப் படுக்க வைக்கணும்?' அப்டின்னாரு."

அவர் குரலேதான். குப்பத்துப் பெண்ணின் வாயிலிருந்து அந்த 'அவா'வும் 'வெச்சுப்பா'வும் வந்து விழுந்தபோது நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணீர் வந்துவிட்டது. ஜாஸ்மின் பதறி, "ஐயோ மாமி, கிண்டல் பண்ணல" என்றாள்.

"இன்னொரு தரம் சொல்லு" என்றேன். சொன்னாள்.

அன்றைக்கு நான் வேலையை முடிக்காமல் ஜூன் மாதத் தாள்களை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இருபத்தாறாம் தேதித் தாளை மேஜை மேல் வைத்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி வேலை செய்துகொண்டிருந்தேன். அவர் பெயர் அச்சில் பார்க்க அழகாக இருந்தது. ஜாஸ்மின் அதைக் கொஞ்சம் தடித்த எழுத்தில் வேறு போட்டிருந்தாள். ஒரே ஒரு நாள்தானே, விதிவிலக்கு இருக்கக் கூடாதா என்று கேட்டுக்கொண்டேன். பாய் என்ன எழுதினாலும் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்தத் தாளை நான் எந்தச் சுவரில் மாட்டி நினைத்துப் பார்த்தாலும், அந்த வீட்டில் வளைகாப்போ பெண் பார்ப்பதோ நடந்துகொண்டிருந்தது. அங்கே போய் நடுக்கூடத்தில் நான்தான் அவரைப் படுக்க வைக்கிறேன் என்று தோன்றியது.

மறுநாள் போய், தடித்த எழுத்தில் இருந்த வரியைக் கோடு போட்டு அடித்தேன்.

"இந்த எடத்துல அவர் என்ன எழுதியிருந்தார், ஜாஸ்மின்?"

அவள் அவருடைய கைப்பிரதியைத் தேடி எடுத்துப் படித்தாள். "'1945: ஐம்பது நாடுகள் ஒரே சாசனத்தில் கையெழுத்திட்டன.' ஐக்கிய நாடுகள் சபையாம் மாமி."

"அதையே போடு."

ஹமீது பாய் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப சார் பேரு எங்கயும் வராதா அம்மா?"

"வராது, பாய்."

"உங்களுக்கு வருத்தமா இல்லையா?"

"இருக்கு. அது என் வருத்தம். மளிகைக் கடைக்காரர் ஊருக்கெல்லாம் இலவசமா குடுக்கறதுக்கு இல்லை."

பாய் என்னையே பார்த்தார். "சார் மாதிரியே பேசறீங்க. கொஞ்சம் பயமா இருக்கு" என்றார்.

இப்படி 1995 வந்தது. புருஷனை இழந்தவர்களுக்குச் சுவரில் ஒரு படம் கிடைக்கும். எனக்கு வருஷம் முழுவதும் தினம் ஒரு வாக்கியம் கிடைத்தது. பிழை பார்க்கும்போது எல்லாவற்றையும் ஒரு தரம் படித்ததுதான். ஆனாலும் நாள் வந்து அந்தத் தாளைத் திறக்கும்போது அன்றைக்குத்தான் சொன்ன மாதிரி இருக்கும். பல் தேய்த்துவிட்டு வந்து கிழிப்பேன். சில நாள் ஒற்று விட்டிருப்பார், நானும் கவனிக்காமல் விட்டிருப்பேன். "இடம் இருந்ததே, போட்டிருக்கலாமே" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் காபி போடப் போவேன்.

ஈஸ்டர் முடிந்து கொஞ்ச நாளில் ஜாஸ்மின் தன் அம்மாவோடு வீட்டுக்கு வந்தாள். தேசம்மா கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். ஜாஸ்மின் எதையோ சொல்ல வந்து தரையைப் பார்த்தாள்.

"வாயத் தொறயேன்டி. ஆபீஸ்ல மட்டும் பேசிக்கினே இருப்பியாமே" என்ற தேசம்மா, என்னிடம் திரும்பினாள். "இதுக்குக் கண்ணாலம் வெச்சிருக்கோம் மாமி. பாலவாக்கத்துப் புள்ள, அஜித்குமாருன்னு பேரு. சொந்தமா படகு வெச்சிகீறாங்க. ஃபாதர் ஜூன் இருபத்தாறு, திங்கக்கெயம குடுத்துகீறாரு. அத வுட்டா மழைக்குத்தான்றாரு."

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"நான் எந்தத் தேதின்னாலும் மொதல்ல காலண்டர் தாளைத் தூக்கிப் பாக்கற ஆளு. எனக்குப் படிக்கத் தெரியாது, இது படிச்சி சொல்லும். கீழ எவனாச்சும் செத்துகீறான்னு இருந்தா அந்த நாளு வாணாம்னுடுவேன். இதுல அம்பது நாடு ஒண்ணாக் குந்தி கையெயுத்துப் போட்டுதுன்னு படிச்சிச்சி. சர்தான், நல்ல நாளுன்னு ஃபாதராண்ட ஒத்துக்கினேன். ஒத்துக்கினு ஊட்டுக்கு வந்தப்பறம் சொல்லுது, சாரு போன நாளும்மா அதுன்னு. எனக்குப் பக்குனு ஆயிடுச்சி. உன்னாண்ட கேக்காம செய்யறது தப்பு மாமி. நீ வாணாம்னா வாணாம்."

ஜாஸ்மின் மெதுவாக, "நான் மொதல்லயே சொல்லியிருக்கணும் மாமி. தாளைப் படிக்கும்போது அம்மா மொகம் நல்லா இருந்திச்சி. சொல்ல வாய் வரல" என்றாள்.

அவர் பெயர் தடித்த எழுத்தில் இருந்திருந்தால் தேசம்மா அந்த நாளே வேண்டாம் என்றிருப்பாள். மழைக்காலம் வரை இந்தப் பெண் காத்திருந்திருப்பாள். எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. அந்தப் பத்து மாதத்தில் அப்படி ஆனது அதுதான் முதல் தடவை.

"அன்னிக்கே வைங்கோ" என்றேன். "அதைவிட நல்ல நாள் அவருக்கே கெடைச்சிருக்காது."

"அப்ப நீங்க வரணும்" என்றாள் ஜாஸ்மின் உடனே.

"நான் எப்படி வரது? வருஷாப்திகம் முடியலையே."

"இன்னா மாமி, ஜூன் இருபத்தாறுக்கு ஜூன் இருபத்தாறு ஒரு வருசம்தானே?" என்று கேட்டாள் தேசம்மா.

"எங்களுக்குத் தேதி கணக்கு இல்லை. திதி கணக்கு. அது ஜூலையிலதான் வரது. அதுவரைக்கும் கல்யாணம் கார்த்தின்னு எங்கயும் போகப்படாது."

ஜாஸ்மின் எழுந்து போய்ச் சுவரில் இருந்த காலண்டரைத் தொட்டாள். "இதுல ரெண்டும்தானே போடறோம் மாமி. மேல பெரிசா தேதி, கீழ சின்னதா திதி. நீங்க அன்னிக்கி ஒரு நாள் மேல இருக்கறத மட்டும் படிங்க."

தேசம்மா, "பாத்தியா வாய" என்றாள். ஆனால் பெருமையாகத்தான் சொன்னாள்.

போனேன். எதிர் வீட்டில் கேட்டார்கள், "எங்கே காலங்கார்த்தால பட்டுப்புடவையோட?" என்று. கல்யாணத்துக்கு என்றேன். அவர்கள் முகம் போன போக்கைப் பார்த்துக்கொண்டே ரிக்‌ஷாவில் ஏறினேன். மாதா கோயிலில் ஹமீது பாய் கடைசி வரிசையில் எனக்கும் இடம் பிடித்து வைத்திருந்தார். எல்லோரும் எழுந்தால் எழுந்தோம், உட்கார்ந்தால் உட்கார்ந்தோம். பாட்டு நன்றாக இருந்தது. போன வருஷம் அதே நேரத்துக்கு நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அதையும் நினைத்தேன். வெள்ளைப் புடவையில் ஜாஸ்மின் தலையைக் குனிந்துகொண்டு நடந்து வந்ததையும் பார்த்தேன். இரண்டும் ஒரே நாளில் இருக்க இடம் இருந்தது.

பூசை முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே வந்ததும் ஜாஸ்மின் நேராக எங்களிடம் வந்தாள்.

"அம்பது நாட்டுக்கு அப்பறம், நொச்சிக்குப்பமும் பாலவாக்கமும் கையெழுத்துப் போட்டுடுச்சி மாமி."

"சண்டை வராம இருக்கணும்" என்றார் பாய்.

"அந்த அம்பதுக்கே வந்துது பாய்" என்றேன். மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. சிரிக்க வேண்டிய இடம் என்று மட்டும் தெரிந்து சிரித்தான். நல்ல பையன்.

ஜூலையில் திதி வந்தது. சாஸ்திரிகள் வந்தார், வேண்டியதை முறையாகச் செய்தேன்.

இப்போது 1999. அச்சகத்தில் புது இயந்திரம் வந்துவிட்டது, தாளில் சிவப்பும் பச்சையும் வந்துவிட்டன. ஜாஸ்மின் இரண்டு குழந்தைகளுக்குப் பிறகும் வேலைக்கு வருகிறாள். பதினேழு வருஷத்து அடிவரிகள் இருப்பதால் ஹமீது பாய் புதிதாக யாரையும் எழுதச் சொல்லவில்லை. பழையவற்றையே வருஷத்துக்கு ஒன்றாக மாற்றிப் போடுகிறார். ஒவ்வோர் ஆனி மாதமும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து நான் பிழை பார்க்கிறேன். போன வாரம் 2000-ஆம் வருஷத்துத் தாள்கள் வந்தன. ஜூன் இருபத்தாறில் அடிவரி மாறியிருந்தது. கிழமை மாறியிருந்தது, திதி மாறியிருந்தது, நல்ல நேரம் மாறியிருந்தது. சூரிய உதயம் என்ற இடத்தில், எல்லா வருஷமும் போல, காலை 5.45 என்று இருந்தது.